கம்பியில்லா இணையத்தின் வாயிற்காவல்



இப்பொழிவு வரிசையில் இலக்கியம் பற்றியும் மொழி பற்றியும் அறிஞர் பலர் உரையாற்றியிருக்கின்றனர். வலையமைப்புத் துறையில் பணியாற்றும் என்னை அழைத்தபோது, "உங்கள் தொழிலைப் பற்றியே பேசுங்கள், ஆனால் முழுவதும் தமிழில் பேசுங்கள்" என்று அன்புடன் பணித்தார்கள். அந்தப் பணிப்பு எனக்கு எளிதாகத் தோன்றியது. உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோதுதான், இருபதாண்டுகளாக நாள்தோறும் செய்துவரும் வேலையை என் தாய்மொழியில் ஒருமுறையேனும் விளக்கியதில்லை என்பதை உணர்ந்தேன். எனவே இவ்வுரை உங்களுக்கு ஒரு விளக்கம். எனக்கோ ஒரு பயிற்சி.

நான் எடுத்துக்கொண்ட பொருள், கம்பியில்லா வலையமைப்பில் நுழைவோரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் சேவையகத்தை அமைப்பது பற்றியது. வகுப்பறையின் கூரையில் வெள்ளை நிறத்தில் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே அணுகல் புள்ளி. உங்கள் கைபேசியும் மடிக்கணினியும் அதன் வழியாகவே இணையத்தை அடைகின்றன. அந்தப் பெட்டி யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பனவே இன்றைய வினாக்கள்.

ஒரு தாயின் கேள்வி

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிலையத்தில் வலையமைப்பைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அங்கே வைஃபை இணைப்புக்கு ஒரே ஒரு மறைச்சொல். ஆசிரியர், மாணவர், அலுவலர், வருகையாளர் அனைவருக்கும் அதுவே. ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையில் அது எழுதப்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவோம். மாற்றிய மறுநாளே சிற்றுண்டிச்சாலையில் இருப்போருக்கும் அது தெரிந்துவிடும்.

ஒருநாள் ஆசிரியை ஒருவரை இழிவுபடுத்தும் மின்னஞ்சல் ஒன்று பலருக்கும் சென்றது. அது கல்வி நிலையத்தின் இணைய முகவரியிலிருந்து, குறிப்பிட்ட நேரத்தில் புறப்பட்டது என்பது உறுதியாயிற்று. அனுப்பியவர் யார் என்று விசாரணைக் குழு என்னைக் கேட்டது. என்னிடம் இருந்த பதிவேட்டில், அந்த நேரத்தில் இணைந்திருந்த கருவிகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. கருவிக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் சூட்டலாம். அவற்றுள் ஒரு பெயர், ஆசிரியையுடன் அதற்குமுன் பிணக்குக் கொண்டிருந்த மாணவன் ஒருவனின் பெயராக இருந்தது. அவனைத் தண்டித்தார்கள்.

அவனுடைய தாயார் என்னைத் தேடி வந்தார். "ஐயா, என் பிள்ளை செய்யவில்லை என்று உங்கள் இயந்திரம் சொல்லாதா?" என்று கேட்டார். சொல்லாது என்பதே உண்மை. அவன் செய்தான் என்றும் அது சொல்லவில்லை. செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. ஒரே மறைச்சொல்லை எழுநூறு பேர் பயன்படுத்தும் இடத்தில், குற்றவாளியைக் கண்டுபிடிக்க இயலாது என்பது பாதிக் குறைதான். குற்றமற்றவரைக் காப்பாற்றவும் இயலாது என்பது பெரிய குறை. அந்தத் தாயாரின் கேள்வியிலிருந்துதான் இன்றைய பொருளை நான் கற்கத் தொடங்கினேன்.

ஒரு மறைச்சொல் போதாமை

கம்பியில்லா வலையமைப்புக்கான பொதுத் தரம் 1997ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனுடன் வந்த முதல் பாதுகாப்பு முறையின் பெயர் வெப். 2001ஆம் ஆண்டில் ஃப்ளூரர், மாண்டின், ஷமிர் என்ற மூவரும் அம்முறையின் மறையாக்கத்தில் இருந்த அடிப்படைக் குறையை வெளிப்படுத்தினர். காற்றில் பறக்கும் தரவுகளைப் போதிய அளவு சேகரித்தால், திறவுகோலையே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர்கள் காட்டிய உண்மை. அதற்கு மாற்றாக 2003இல் டபிள்யூபிஏ முறையும், 2004இல் டபிள்யூபிஏ2 முறையும், 2018இல் டபிள்யூபிஏ3 முறையும் வந்தன.

இம்முறைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று வீட்டுக்கானது, மற்றொன்று நிறுவனத்துக்கானது. வீட்டு வகையில் அனைவருக்கும் ஒரே மறைச்சொல். நான்கு பேர் வாழும் வீட்டில் அதனால் தீங்கில்லை. அதே வகையைப் பள்ளியில் பயன்படுத்தும்போது சிக்கல்கள் எழுகின்றன. டபிள்யூபிஏ2 முறையின் வீட்டு வகையில், மறைச்சொல்லை அறிந்த ஒருவர், மற்றொருவர் இணையும் கணத்தில் காற்றில் செல்லும் தொடக்கச் செய்திகளைப் பதிவுசெய்துகொண்டால், அவருடைய மறையாக்கத்தையும் அவிழ்க்க இயலும். டபிள்யூபிஏ3 இக்குறையைத் தீர்த்துவிட்டது. ஆயினும், நுழைந்தவர் இன்னார் என்று கூற அதனாலும் இயலாது. பள்ளியை விட்டு ஒருவர் விலகினால், அவரை மட்டும் தடுக்கவும் இயலாது. எழுநூறு பேரின் மறைச்சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நிறுவன வகையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடையாளம். ஒவ்வொரு முறை இணையும்போதும் ஒவ்வொருவருக்கும் புதிய திறவுகோல். அந்த அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கு, அணுகல் புள்ளிக்குப் பின்னால் ஒரு சேவையகம் தேவைப்படுகிறது.

வாயிலோனும் மன்னனும்

இந்த ஏற்பாட்டை வகுத்துரைக்கும் தரம் 802.1எக்ஸ் எனப்படும். 2001ஆம் ஆண்டு முதன்முதலில் வெளிவந்தது. அதில் மூன்று பாத்திரங்கள் உள்ளன. முதலாவது, நுழைய விரும்பும் கருவி. அதனை வேண்டுபவர் எனலாம். இரண்டாவது, அணுகல் புள்ளி. மூன்றாவது, அடையாளத்தைச் சரிபார்க்கும் சேவையகம்.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டாம் பாத்திரத்தில்தான். அணுகல் புள்ளியே மறைச்சொல்லைச் சரிபார்க்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நினைத்துப் பாருங்கள். கண்ணகி பாண்டியனின் அரண்மனை வாயிலில் நின்று, தன் வருகையை மன்னனுக்கு அறிவிக்குமாறு வாயிலோனிடம் கூறுகிறாள். வாயிலோன் அவளை விசாரிப்பதில்லை; தீர்ப்பும் சொல்வதில்லை. உள்ளே சென்று அறிவிக்கிறான். மன்னன் வரச்சொன்ன பின்னரே வழிவிடுகிறான். அணுகல் புள்ளியும் அத்தகைய வாயிலோன்தான். வேண்டுபவர் சொல்வதை உள்ளே கொண்டுசெல்லும். உள்ளிருந்து வரும் விடைக்கேற்பக் கதவைத் திறக்கும் அல்லது திறவாதிருக்கும். விடை வரும்வரை, அடையாளச் சரிபார்ப்புக்குரிய செய்திகளைத் தவிர வேறெதையும் அது கடந்துபோக விடாது.

இவ்வாறு பிரித்ததில் ஒரு நன்மை இருக்கிறது. ஒரு பள்ளியில் அறுபது அணுகல் புள்ளிகள் இருந்தாலும், மாணவர் பட்டியல் அறுபது இடங்களில் இருக்கத் தேவையில்லை. ஒரே இடத்தில் இருந்தால் போதும். கூரையிலிருந்து ஒரு பெட்டியை யாரேனும் கழற்றிச் சென்றாலும், எவருடைய மறைச்சொல்லும் அதற்குள் இராது.

தொலைபேசிக் காலத்தின் மரபுரிமை

வாயிலோனும் மன்னனும் பேசிக்கொள்ளும் மொழிக்கு ரேடியஸ் என்று பெயர். இது வைஃபைக்காகப் பிறந்த மொழி அன்று. தொலைபேசி வழியாக இணையத்தை அழைத்து இணைந்த காலத்தில், 1991ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மெரிட் வலையமைப்பின் தேவைக்காக லிவிங்ஸ்டன் என்ற நிறுவனம் இதனை உருவாக்கியது. 1997இல் பொது ஆவணமாக வெளியாயிற்று. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான 2865ஆம் எண் ஆவணமே இன்றும் அதன் அடிப்படை நூலாக விளங்குகிறது.

இதன் இலக்கணம் மிகச் சிறியது. அணுகல் புள்ளி அனுப்புவது நுழைவு வேண்டுகோள். சேவையகம் திருப்பி அனுப்பக்கூடிய விடைகள் மூன்று: ஏற்பு, மறுப்பு, மேலும் ஒரு வினா. மறையாக்கச் சான்றிதழுடன் நடைபெறும் உரையாடலில், அந்த "மேலும் ஒரு வினா" பலமுறை வரும்; இறுதியில் ஏற்போ மறுப்போ வரும். அடையாளத்தைச் சரிபார்த்தல், எவ்வளவு உரிமை என்று வரையறுத்தல், வந்துபோனதைக் கணக்கில் எழுதுதல் ஆகிய மூன்றும் இச்சேவையகத்தின் கடமைகள். முதல் இரண்டும் 1812ஆம் துறையிலும், கணக்கு 1813ஆம் துறையிலும் நடைபெறுகின்றன. பழைய கருவிகள் சில 1645, 1646 ஆகிய எண்களையே இன்னும் இயல்பாகக் கொண்டிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு ஏற்படவில்லையென்றால், முதலில் இந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமைக்கும் முறை

இனி, அமைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். ஃப்ரீரேடியஸ் என்பது 1999இல் தொடங்கப்பட்ட திறந்த மூல மென்பொருள். உலகெங்கும் கல்வி நிலையங்கள் பயன்படுத்துவது. பழைய கணினி ஒன்று இருந்தாலே மாணவர்கள் இதனைச் செலவின்றி நிறுவிப் பழகலாம்.

முதற்படி, வாயிலோரைப் பதிவு செய்தல். எந்தெந்த அணுகல் புள்ளிகள் கேள்வி கேட்கலாம் என்பதை, அவற்றின் முகவரியுடனும் ஓர் இரகசியச் சொல்லுடனும் சேவையகத்தில் எழுத வேண்டும். அதே இரகசியச் சொல்லை அணுகல் புள்ளியிலும் எழுத வேண்டும். இது மாணவர் பயன்படுத்தும் மறைச்சொல் அன்று. இரு இயந்திரங்களுக்கு இடையே உள்ள உடன்பாடு. பயிற்சிக்காக மென்பொருளோடு வரும் இரகசியச் சொல் "டெஸ்டிங்123" என்பதாகும். அதை அப்படியே விட்டுவைப்பது, பூட்டை வாங்கிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். நீளமான, பொருளற்ற, ஒவ்வோர் அணுகல் புள்ளிக்கும் வேறான சொல்லைக் கணினியைக் கொண்டே உருவாக்கிக்கொள்வது நன்று.

இங்கே புதியவர்களைத் திகைக்கவைக்கும் ஒரு செய்தி உண்டு. பதிவு செய்யப்படாத இடத்திலிருந்து வரும் வேண்டுகோளுக்குச் சேவையகம் மறுப்புக்கூடச் சொல்லாது, மௌனமாக இருந்துவிடும். தரமே அவ்வாறுதான் விதித்திருக்கிறது. எனவே மறுப்பு வந்தால், பயனரிடத்தோ அவருடைய மறைச்சொல்லிடத்தோ தவறு இருக்கலாம். எந்த விடையும் வராவிட்டால், முகவரியிலோ இரகசியச் சொல்லிலோ துறை எண்ணிலோ தவறு இருக்கலாம். மறுப்பு வேறு, மௌனம் வேறு என்ற இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தால், தேடும் நேரத்தில் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதியைக் குறைக்க, சேவையகத்தைப் பிழையறியும் நிலையில் இயக்கி, அது திரையில் எழுதும் ஒவ்வொரு வரியையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். அந்த வரிகளைப் படிக்காமல் அமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றுவதே நான் கண்டவற்றுள் மிகப் பொதுவான தவறு.

இரண்டாம்படி, பயனர் பட்டியல். மறைச்சொற்களை அப்படியே சேமிக்கலாகாது. திருப்பிப் பெறமுடியாத வடிவத்தில் மாற்றிச் சேமிப்பதே முறை. ஆனால் வைஃபையில் பெருவழக்காக உள்ள பீப் முறையின் உள்ளே இயங்கும் எம்எஸ்சேப் என்ற வழி, மறைச்சொல் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் சேமிக்கப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும். வேறு வகையில் மாற்றிச் சேமித்த பட்டியல் இருந்தால், டிடிஎல்எஸ் போன்ற மற்றொரு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். முறையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பட்டியலைப் பிறகு பார்ப்பவர்கள் இங்கே இடறுகிறார்கள். பட்டியலை முதலில் பாருங்கள்.

மூன்றாம்படி, உரிமையை வரையறுத்தல். ஏற்பு என்ற விடையோடு சேர்த்து, இவர் மாணவர், இவர் ஆசிரியர், இவர் விருந்தினர் என்பதற்கேற்ப வெவ்வேறு உள்வலையில் சேர்க்குமாறு அணுகல் புள்ளிக்குச் சேவையகம் கட்டளையிடலாம். வைஃபையின் பெயர் ஒன்றாகவே இருக்கும். ஆனால் மதிப்பெண் பட்டியல் இருக்கும் கணினி, மாணவர் உள்வலைக்குக் கண்ணிலேயே படாது.

நான்காம்படி, இரண்டாவது சேவையகம். மன்னன் உறங்கிவிட்டால் வாயிலோன் எவரையும் விடமாட்டான். ஒரே சேவையகத்தை நம்பியிருக்கும் பள்ளியில், அது பழுதானால் எழுநூறு பேரும் வெளியே நிற்பார்கள். எனவே அணுகல் புள்ளிகள் ஒவ்வொன்றிலும் இரு சேவையகங்களின் முகவரியை எழுதிவைக்க வேண்டும்.

கணையாழியும் சூடாமணியும்

இதுவரை சொன்னவை, வலையமைப்பு மாணவரைச் சரிபார்ப்பதைப் பற்றியவை. மாணவர் வலையமைப்பைச் சரிபார்க்க வேண்டாமா? இந்த உரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இக்கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபையின் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கு வெளியே சாலையோரத்தில் ஒருவர் சிறிய கருவியொன்றை வைத்து, பள்ளி வலையமைப்பின் பெயரையே அதற்கும் சூட்டிவிட்டால், உங்கள் கைபேசி அதனைப் பள்ளி என்று எண்ணிப் பேசத் தொடங்கலாம். அப்போது உங்கள் அடையாளமும் மறைச்சொல்லும் தொடர்பான செய்திகள் அவருடைய கைக்குப் போய்ச்சேரும். எம்எஸ்சேப் வழியில் செல்லும் செய்தி கைப்பற்றப்பட்டால், அதற்குள் இருப்பதை ஒரு நாளுக்குள் உடைத்துவிட முடியும் என்பதை 2012ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டனர். பல கல்வி நிலையங்களில் அதே மறைச்சொல்தான் மின்னஞ்சலையும் மதிப்பெண்ணையும் திறக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இராமகாதையில் சீதை ஒருமுறை வேடத்தை நம்பி ஏமாந்தவள். முனிவர் கோலத்தில் வந்தவன் இராவணன். எனவே அசோகவனத்தில் அனுமன் வந்து நின்றபோது, இவனும் அரக்கனோ என்று ஐயுற்றாள். அனுமன் இராமனின் கணையாழியைக் காட்டினான், சீதை நம்பினாள். அத்துடன் முடியவில்லை. தன்னைக் கண்டதற்குச் சான்றாகச் சீதை தன் சூடாமணியைக் கொடுத்தனுப்பினாள். இருதரப்பும் ஒன்றையொன்று உறுதிசெய்துகொள்ளும் முறையை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க இயலாது.

வைஃபையில் கணையாழியாக விளங்குவது சேவையகத்தின் சான்றிதழ். கைபேசி மறைச்சொல்லைத் தருவதற்கு முன்பாக, சேவையகம் தன் சான்றிதழைக் காட்டுகிறது. கைபேசி அதில் இரண்டைப் பார்க்க வேண்டும். அதை வழங்கியது நாம் நம்பும் அமைப்புத்தானா என்பது ஒன்று. அதில் எழுதப்பட்டிருக்கும் பெயர் நம் பள்ளிச் சேவையகத்தின் பெயர்தானா என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. பொதுவான சான்றிதழ் அமைப்பிடம் எவரும் தம் பெயருக்குச் சான்றிதழ் பெறலாம். பெயரைப் பாராமல் வழங்கியவரை மட்டும் பார்த்தால், அந்நியரின் கணையாழியும் செல்லுபடியாகிவிடும்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்ற தெரிவை அழுத்துங்கள்" என்று குறிப்புத்தாள் அச்சிட்டுக் கொடுக்கிறோம். இணைப்பு உடனே கிடைக்கிறது, எல்லாரும் மகிழ்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அத்தகைய தாளை அச்சிட்டவன்தான் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன். 2020ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் தன் பிக்சல் கைபேசிகளில் அந்தத் தெரிவையே நீக்கிவிட்டது. பலர் அதனைத் தொல்லை என்று குறைகூறினர். அது தொல்லை அன்று. நாம் செய்யத் தவறிய கடமையைக் கருவியே நினைவூட்டியது.

இதற்கு இன்னும் உறுதியான வழியும் உண்டு. மாணவர் கருவிக்கும் ஒரு சான்றிதழ் வழங்கிவிட்டால், மறைச்சொல்லே தேவைப்படாது. இம்முறைக்கு இஏபி-டிஎல்எஸ் என்று பெயர். திருடுவதற்கு மறைச்சொல் இல்லாததால், போலி வாயிலுக்குக் கிடைப்பதும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கருவிக்கும் சான்றிதழ் வழங்கும் உழைப்பே அதன் விலை. மேலும், எந்தச் சான்றிதழுக்கும் முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதியைப் பள்ளி நாட்காட்டியில், தேர்வுத் தேதிகளைப் போலவே, சிவப்பு மையில் குறித்துவைக்க வேண்டும். சேவையகச் சான்றிதழ் காலாவதியான காலைப்பொழுதில், முதல் நாள் வரை நன்றாக இயங்கிய வலையமைப்பு ஒருவரையும் ஏற்காது.

எல்லை கடக்கும் நம்பிக்கை

இந்த ஏற்பாட்டின் மிக அழகிய விளைவைச் சொல்லாமல் விட இயலாது. 2002ஆம் ஆண்டு ஐரோப்பாவில், நெதர்லாந்தின் சர்ஃப்நெட் அமைப்பைச் சேர்ந்த கிளாஸ் வீரங்கா ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் மற்றொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றால், அங்கும் தம் சொந்த அடையாளத்தைக் கொண்டே இணையட்டும் என்பது அக்கருத்து. அதுவே எடுரோம் என்ற பெயரில் வளர்ந்து, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் இயங்குகிறது. மலேசியாவில் மைரென் அமைப்பும், சிங்கப்பூரில் சிங்ஏரென் அமைப்பும் இதனைப் பேணிவருகின்றன.

கோலாலம்பூரில் பயிலும் மாணவி ஒருவர் சிங்கப்பூரின் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கருத்தரங்குக்கு வருகிறார் என்று கொள்வோம். அவருடைய அடையாளத்தில், மின்னஞ்சல் முகவரியைப் போலவே, பயனர் பெயருக்குப் பின் அவருடைய பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். சிங்கப்பூர்ச் சேவையகம் அப்பெயரைப் பார்த்து, "இவர் எம்மவர் அல்லர்" என்று அறிந்து, வேண்டுகோளை மேல்நிலைச் சேவையகத்துக்கு அனுப்பும். அது கைமாறிக் கைமாறி அவருடைய தாய்ச் சேவையகத்தைச் சேரும். மறைச்சொல் தொடர்பான உரையாடல், மறையாக்கப்பட்ட குழாய் ஒன்றினுள் நடைபெறுவதால், விருந்தளிக்கும் பல்கலைக்கழகம் அதனைப் பார்க்கவே முடியாது. ஏற்பு என்ற ஒற்றைச் சொல் மட்டும் திரும்பி வரும். விருந்தினரின் இரகசியத்தைக் கேளாமலேயே விருந்தோம்ப முடிகிறது.

பழைய மொழியின் முதுமை

முப்பதாண்டு கடந்த எந்த ஏற்பாட்டிலும் முதுமையின் தளர்ச்சி தோன்றும். ரேடியஸ் தன் விடைகளின் நம்பகத்தை உறுதிப்படுத்த எம்டி5 என்ற கணக்கீட்டைப் பயன்படுத்துகிறது. அக்கணக்கீட்டின் குறை 2004இலேயே வெளிப்பட்டுவிட்டது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் ஆய்வாளர்கள், நடுவழியில் நிற்கும் ஒருவர் மறுப்பை ஏற்பாக மாற்றிவிட முடியும் என்பதை மெய்ப்பித்தனர். வாயிலோன் உள்ளே சென்று திரும்பும் வழியில் ஒருவன் மறைந்திருந்து, "வரவேண்டாம்" என்ற சொல்லை "வருக" என்று மாற்றிவிடுவதைப் போன்றது அது. வைஃபையில் பயன்படும் இஏபி உரையாடலில் ஒவ்வொரு செய்தியும் கூடுதல் முத்திரை ஒன்றைத் தாங்கிச் செல்வதால், இத்தாக்குதல் அதனைத் தீண்டவில்லை. ஆயினும், அம்முத்திரையை எல்லா வேண்டுகோளுக்கும் கட்டாயமாக்குவதும், சேவையகங்களுக்கு இடையிலான உரையாடலை மறையாக்கப்பட்ட வழியில் நடத்துவதும் இன்று கடமையாகிவிட்டன. சேவையகத்தை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடலாகாது என்பதற்கு இதுவே சான்று.

பதிவேட்டின் அறம்

இனி, தொடக்கத்தில் சொன்ன தாயாரிடம் திரும்புகிறேன். அந்தக் கல்வி நிலையத்தில் பின்னர் நான் இத்தகைய சேவையகத்தை அமைத்தேன். இப்போது யார், எப்போது, எந்த அணுகல் புள்ளி வழியாக நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்பது பதிவாகும். அன்று இது இருந்திருந்தால், அந்த மாணவனின் அடையாளம் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்ததா இல்லையா என்பதையாவது சொல்லியிருக்க முடியும்.

அதே வேளையில், இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். முதலாவது, பதிவேடு கூறுவது கணக்கைப் பற்றி மட்டுமே. கையைப் பற்றி அன்று. நண்பனுக்கு மறைச்சொல்லைக் கொடுத்தவனின் பெயரே பதிவாகும். பாண்டியனிடமும் ஒரு சான்று இருந்தது. சிலம்பு கோவலனின் கையில் இருந்தது என்பது மெய்தான். உடைத்து உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு வழங்கியதுதான் பிழை. பதிவேட்டில் ஒரு பெயரைக் கண்டதும் விசாரணை முடிந்துவிட்டது என்று கொள்ளாதீர்கள். அங்கேதான் அது தொடங்குகிறது.

இரண்டாவது, இப்பதிவேடு ஒரு மாணவர் எந்த நேரத்தில் நூலகத்தில் இருந்தார், எப்போது சிற்றுண்டிச்சாலைக்குச் சென்றார் என்பதையும் ஓரளவு காட்டிவிடும். காப்பதற்காக வைத்த ஏடு, கண்காணிப்பதற்கான ஏடாக மாறிவிடலாகாது. அதை யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருந்து அழிக்க வேண்டும் என்பதைச் சேவையகத்தை இயக்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். அதை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் சொல்ல வேண்டும். இதனை எழுதும் பொறுப்பு என்னைப் போன்ற பொறியாளரைச் சார்ந்தது அன்று, ஆசிரியர்களைச் சார்ந்தது.

நிறைவாக

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் பள்ளியில் வைஃபை மறைச்சொல் அனைவருக்கும் ஒன்றேயானால், அது ஏன் என்று கேளுங்கள். "சான்றிதழைப் பொருட்படுத்த வேண்டாம்" என்று மாணவரிடம் சொல்லாதீர்கள். எச்சரிக்கை தோன்றும்போது நின்று படிக்கும் பழக்கத்தை நாம் ஒருநாள் கெடுத்துவிட்டால், வங்கிக் கணக்கைத் திறக்கும் வயதிலும் அவர்கள் நின்று படிக்க மாட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் மறைச்சொல்லைக் கொடுப்பது நட்பின் அடையாளம் அன்று. உங்கள் பெயரைக் கொடுப்பது அது. வாயில் உங்களை யார் என்று கேட்கும்போது, நீங்களும் வாயிலை யார் என்று கேளுங்கள். ஆர்வம் இருப்பவர்கள் பழைய கணினி ஒன்றில் இச்சேவையகத்தை நிறுவிப் பாருங்கள். அது எழுதும் பிழைச் செய்திகளை உங்கள் நண்பருக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். விளக்க முடிந்தால் அதுவும் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். இவ்வுரையை எழுதும்போது எனக்குக் கிடைத்த பாடமும் அதுவே.

அந்தத் தாயாரை அதற்குப் பின் நான் சந்திக்கவில்லை. அவர் மகன் அதைச் செய்தானா என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. இனி ஒரு தாயார் அதே கேள்வியுடன் வந்து நின்றால், தெரியாது என்று சொல்லும் நிலை உங்களுள் எவருக்கும் நேரலாகாது என்பதே என் விருப்பம்.